ஈரத்துணியும் உலர்த்தும் யந்திரமும்

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பது பழைய வாக்கு. அந்த இரண்டு மாதங்களிலும் வீட்டுக்குள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பற்றிப் பழமொழி ஒன்றும் சொல்லவில்லை. கூடத்தில் குறுக்கே ஒரு கொடி. தாழ்வாரத்தில் ஒரு கொடி. ஜன்னல் கம்பியில் சட்டை. நாற்காலி முதுகில் துண்டு. மின்விசிறிக்கு நேரே பள்ளிக்கூடச் சீருடை. வீட்டுக்கு வருகிறவர் குனிந்துதான் உள்ளே வரவேண்டும். இரண்டு நாள் கழித்துத் தொட்டுப் பார்த்தால் துணி காய்ந்தது மாதிரியும் இருக்கும், காயாதது மாதிரியும் இருக்கும். முகர்ந்து பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

புதுச்சேரி-விழுப்புரம் சாலையில் இருக்கும் எங்கள் அரியூரும் இதற்கு விலக்கல்ல. சுற்றிலும் வயலும் ஏரியும் உள்ள ஊரில் மழைக்காலக் காற்றே ஈரமாகத்தான் வரும். 2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பலர் வீட்டில் அன்று துணி காயவில்லை என்பது ஒரு குறையாகவே தோன்றவில்லை. வெள்ளம் வடிந்த பிறகுதான், காய்ந்த துணி என்பது எவ்வளவு பெரிய செல்வம் என்று தெரிந்தது.

இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாக ஒரு யந்திரம் இப்போது நம் ஊர்களுக்கும் வந்துவிட்டது. ஈரத்துணியை உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினால், உஷ்ணக் காற்றில் சுழற்றிச் சுழற்றி உலர்ந்த துணியாக வெளியே தருகிறது. இதை வாங்கலாமா, கூடாதா என்பது பற்றி இரண்டு கட்சிகள் இருக்கின்றன. "சூரிய பகவான் இருக்கும்போது இந்த ஆடம்பரம் எதற்கு?" என்பது ஒரு கட்சி. "காசைக் கொடுத்தோம், பொத்தானை அமுக்கினோம், கவலை விட்டது" என்பது மற்றொரு கட்சி. இரண்டும் தவறு என்பது என் அபிப்பிராயம். எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவமே இதைச் சொல்லும் துணிவை எனக்குத் தந்தது.

எங்கள் வீட்டுச் சம்பவம்

மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஐப்பசியில் குழந்தை பிறந்தது. பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை துணி சேரும் என்று தாய்மார்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மாப்பிள்ளை பார்த்தார், துவைக்கும் யந்திரத்துக்குப் பக்கத்திலேயே உலர்த்தும் யந்திரம் ஒன்றையும் வாங்கி வைத்துவிட்டார். குழந்தையைக் குளிப்பாட்ட வரும் ஆயா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பொட்டிக்குள்ளே போட்டா வெயில் அடிக்குமா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தோம்.

புயல் அடித்தது. மின்சாரம் போயிற்று. மின்சாரம் திரும்பி வந்தபோது வீட்டில் ஈரத்துணி மலையாகக் குவிந்திருந்தது. காலையிலிருந்து இரவு வரை யந்திரத்துக்கு ஓய்வில்லை. குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துத் துடைத்த துண்டுகள், மகளுக்கு எண்ணெய்க் குளியலுக்கு உபயோகித்த பழைய வேட்டித் துணிகள் எல்லாம் துவைத்து அதில் போட்டோம். அடுத்த சுமை காத்திருக்கிறதே என்று, யந்திரம் தானாக நிற்கும்முன்பே நிறுத்தித் துணியைச் சூடாக வாரி எடுத்துக் கூடையில் திணித்தோம். குழந்தைக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று அதன்மேல் ஒரு போர்வையையும் போட்டு மூடினோம்.

இரவு பதினொன்றரை மணி இருக்கும். கருகல் நாற்றம். அடுப்பைப் பார்த்தோம், அணைந்திருந்தது. மின்சாரப் பலகையைப் பார்த்தோம், ஒன்றுமில்லை. கடைசியில் போர்வையை எடுத்ததும் கூடையிலிருந்து புகை எழுந்தது. மேலே இருந்த துணிக்கு ஒன்றும் நேரவில்லை. நடுவில் இருந்த துண்டுகள் பழுப்பேறி, ஒன்று கருகி, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. கூடையை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரைக் கொட்டினோம். குழந்தையின் தூளி அந்தக் கூடைக்கு நாலு முழத் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

யாரும் கொள்ளி வைக்கவில்லை. மின்கசிவும் இல்லை. கூடையில் கிடந்த துணி தானாகவே எப்படிப் பற்றும்? மறுநாள் ஆயா, "கண்ணு பட்டுடுச்சு" என்றாள். நான் யந்திரத்தோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். நாங்கள் செய்த மூன்று காரியங்களையும் செய்யக்கூடாது என்று அதில் அச்சிட்டிருந்தது. ஆங்கிலத்தில், பொடி எழுத்தில்.

எண்ணெய் செய்யும் வேலை

நல்லெண்ணெய், கடலெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்ற தாவர எண்ணெய்களுக்கு ஒரு குணம் உண்டு. அவை காற்றிலுள்ள பிராணவாயுவோடு மெல்ல மெல்லக் கூடும். அப்படிக் கூடும்போது கொஞ்சம் உஷ்ணம் உண்டாகும். ஆளி விதை எண்ணெயில் இது மிக வேகமாக நடக்கும். வர்ணம் பூசுகிறவர்கள் எண்ணெய் துடைத்த கந்தலைச் சுருட்டிப் போடக்கூடாது என்பது இதனால்தான். தேங்காய் எண்ணெயில் இந்தக் குணம் குறைவு. ஆனால் நம் வீட்டுத் துண்டில் என்னென்ன எண்ணெய் ஏறியிருக்கிறது என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

எண்ணெய்த் துண்டைக் கொடியில் விரித்துப் போட்டால் அந்த உஷ்ணம் காற்றோடு போய்விடும். அதையே யந்திரத்தில் சூடேற்றினால், எண்ணெய் பிராணவாயுவோடு கூடும் வேகம் அதிகரிக்கிறது. அந்தச் சூட்டோடு குவித்து மூடிவிட்டால், உண்டாகும் உஷ்ணம் வெளியேற வழியில்லை. உஷ்ணம் ஏற ஏற வேகம் கூடுகிறது. வேகம் கூடக் கூட உஷ்ணம் ஏறுகிறது. சில மணி நேரம் கழித்துப் புகை, பிறகு நெருப்பு. வைக்கோற்போர் ஈரத்தோடு குவிந்தால் உள்ளே சூடேறி, சில சமயம் பற்றியும் விடும் என்பது குடியானவர்களுக்குத் தெரிந்த விஷயம். அங்கே காரணம் வேறாக இருந்தாலும், சூடு வெளியேறாமல் உள்ளேயே சேர்வது இரண்டுக்கும் பொது.

"துவைத்த துணிதானே?" என்று கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். சாதாரணமாக ஒரு முறை துவைத்தால் எண்ணெய் முழுவதும் போவதில்லை. எண்ணெய்த் துண்டைக் காய்ந்த பிறகு முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை வரும். அந்த வாடை வரும் துணி யந்திரத்துக்கு உரியது அல்ல. வெந்நீரில் கூடுதலாகச் சோப்புத்தூள் போட்டு அலசவேண்டும். அதற்குப் பிறகும் கொடியில் போடுவதே உத்தமம்.

இந்த விதி எண்ணெய்க் குளியல் துண்டோடு நிற்கவில்லை. சமையலறையில் கரி பிடிக்கும் துணி, விளக்குத் துடைக்கும் துணி, வடைச் சட்டியின் பக்கத்தில் கிடந்த துணி எல்லாம் இந்த வர்க்கமே. மண்ணெண்ணெய், பெட்ரோல், டர்பன்டைன், தின்னர், ஸ்பிரிட் பட்ட துணிகள் அதைவிட அபாயம். அவற்றின் ஆவியே தீப்பிடிக்கும். மெக்கானிக் வேலை, வர்ணம் பூசும் வேலைக்குப் போகிறவர்களின் உடுப்புகளைத் தனியே வைத்துத் துவைத்து வெளியே உலர்த்தவேண்டும்.

இன்னொன்று. யந்திரம் வேலை முடிக்கும் தறுவாயில் சில நிமிஷம் உஷ்ணம் இல்லாமல் வெறுங் காற்றில் துணியைச் சுழற்றும். அது வீண் நேரம் அல்ல. துணியின் சூட்டைத் தணிப்பதற்கென்றே அமைந்த கட்டம் அது. அதை நாம் இடையில் நிறுத்தினால், அடுப்பிலிருந்து எடுத்த கரியைக் கூடையில் கொட்டியது போல் ஆகும். அவசரத்தில் நிறுத்தவேண்டி வந்தால், எல்லாத் துணியையும் உடனே வெளியே எடுத்து விரித்துப் பரப்பிவிட வேண்டும்.

டிரையர் என்ற பெயரில் இரண்டு

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. இரண்டு தொட்டி உள்ள துவைக்கும் யந்திரத்தில் சின்னத் தொட்டியை நம்மவர்கள் 'டிரையர்' என்கிறார்கள். அதில் உஷ்ணமே கிடையாது. வேகமாகச் சுழற்றித் தண்ணீரை உதறித் தள்ளுகிறது, அவ்வளவுதான். நம் கையால் பிழிவதை யந்திரம் பிழிகிறது. அதிலிருந்து எடுத்த துணியைக் கொடியில் போட்டே ஆகவேண்டும். அந்தத் தொட்டியால் நெருப்பு அபாயம் இல்லை, கைக்குத்தான் அபாயம். சுழற்சி முற்றும் நிற்கும்முன் மூடியைத் திறந்து கைவிடுவது பெரிய தவறு. சுழலும் புடைவையின் முனை விரலைச் சுற்றிக்கொண்டால், விரல் நம்முடையதாக இருக்காது. குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும்.

உண்மையான உலர்த்தும் யந்திரம் வேறு. ஒரு பெரிய உருளை. காற்றைச் சூடாக்கும் கம்பி. காற்றைத் தள்ளும் விசிறி. பறக்கும் பஞ்சைப் பிடிக்கும் வலை. இவ்வளவுதான் அதன் அங்கம். பிரெஞ்சுக்காரர் போஷோன் என்பவர் 1800-ஆம் ஆண்டு வாக்கிலேயே, ஓட்டைகள் போட்ட உருளையில் துணியை அடைத்து நெருப்புக்கு மேல் கையால் சுற்றினார் என்று சொல்லப்படுகிறது. மின்சாரத்தில் ஓடும் யந்திரம் 1938-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஜூன் டே', அதாவது ஜூன் மாதத்து நாள். குளிர் தேசத்தில் ஜூன் மாத வெயில் அத்தனை அருமை! நமக்கு ஜூன் மாதத்து நாளை விலைக்கு வாங்கவேண்டிய அவசியம் வருஷத்தில் சில வாரங்களே.

நம்மவர்களுக்கு மட்டும் யந்திர யோசனை இல்லாமல் போய்விடவில்லை. தணலில் சாம்பிராணி தூவி, அதன்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, குழந்தையின் துணியைப் பரப்பி ஈரவாடை போக்கினார்களே, அது என்ன? உஷ்ணக் காற்றில் உலர்த்துவதுதான். ஆனால் அந்தக் கூடையின் பக்கத்தில் பாட்டி உட்கார்ந்திருப்பாள். நெருப்பு கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே பயமும் இருந்தது. யந்திரத்தில் நெருப்பு தெரிவதில்லை, பயமும் போய்விடுகிறது.

பஞ்சும் பொறியும்

இந்த யந்திரத்தால் வீடு தீப்பற்றுவது மேல்நாட்டில் நடக்கிற காரியம். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையுள்ள விபத்துகளை ஆராய்ந்து, வீடுகளில் வருஷத்துக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள் துணி உலர்த்தும் யந்திரத்தால் நேருவதாகக் கணக்கிட்டது. காரணங்களில் முதலாவது, யந்திரத்தைச் சுத்தம் செய்யாமை. நூற்றுக்கு 34 விபத்துகள் அதனால் வந்தவை. 2016 ஆகஸ்டில் லண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் பதினெட்டு மாடிக் குடியிருப்பு ஒன்று பற்றி எரிந்ததற்கும், பழுதுள்ள ஓர் உலர்த்தும் யந்திரமே காரணம் என்று தீயணைப்புப் படையினர் கண்டார்கள்.

சுத்தம் செய்வது என்றால் என்ன? துணி சுழலும்போது அதிலிருந்து நுண்ணிய பஞ்சு உதிர்கிறது. வலை அதைப் பிடிக்கிறது. வலை அடைத்துக்கொண்டால் காற்று ஓடாது. காற்று ஓடாவிட்டால் சூடு ஏறும். சூடு ஏறுகிற இடத்தில் உலர்ந்த பஞ்சு காத்துக்கொண்டிருக்கிறது. மேலே விளக்கம் வேண்டுமா?

புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. ரோடியர் ஆலை என்று நாம் வழங்கிய ஏ.எஃப்.டி. 1898-இல் தோன்றியது. அதுவும் சுதேசி, பாரதி ஆலைகளும் ஊருக்குச் சோறு போட்டன. மூன்றும் 2020-இல் மூடப்பட்டுவிட்டன. அவற்றில் உழைத்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பஞ்சு பறக்கிற இடத்தில் பீடி பற்றவைக்கலாமா என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். நூற்பு ஆலைக்குள் பஞ்சைக் கூட்டித் தள்ளுவது ஏன் முக்கியமான வேலை என்று அவர்கள் சொல்வார்கள். அந்த ஆலையின் ஒரு சிறு மூலையைத்தான் இப்போது நம் குளியலறைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறோம்.

ஆகவே ஒவ்வொரு சுமைக்குப் பிறகும் வலையை எடுத்துப் பஞ்சை நீக்கவேண்டும். வாரத்துக்கு ஒரு முறை என்பது போதாது. காற்றை வெளியேற்றும் குழாய் உள்ள யந்திரமானால், அந்தக் குழாய் வீட்டுக்கு வெளியே திறக்கவேண்டும். நசுங்காமலும் அடைபடாமலும் இருக்கவேண்டும். குழாயை அறைக்குள்ளேயே விட்டால், துணியின் ஈரம் சுவருக்குப் போய்ப் பூஞ்சை பூக்கும். சட்டைப் பையைச் சோதிக்காமல் எதையும் உள்ளே போடக்கூடாது. தீப்பெட்டி, லைட்டர் உள்ளே போனால் சுழற்சியில் உரசும். யந்திரம் ஓடும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போவதும், இரவில் ஓடவிட்டு உறங்குவதும் கூடாது. பெரிய மின்சாரக் கம்பி, மண்ணில் பூமித் தொடர்பு உள்ள தனிப் பிளக் வேண்டும். நாலு பொருளுக்கு ஒரே பலகையில் மின்சாரம் இழுக்கும் வழக்கத்தை இதனிடம் காட்டவேண்டாம்.

எந்தத் துணிக்கு எந்த மரியாதை

எல்லாத் துணியும் ஒரே ஜாதி அல்ல. கடைக்காரர் எங்களிடம், "எதை வேணும்னாலும் போடலாம் சார்" என்றார். அவர் பேச்சைக் கேட்டால் யந்திரம் பிழைத்துக்கொள்ளும், துணி பிழைக்காது.

பருத்தி உஷ்ணத்தைத் தாங்கும். படுக்கை விரிப்பு, பூத்துவாலை, உள்ளாடை, குழந்தை நாப்பி இவற்றை அச்சமின்றிப் போடலாம். ஆனால் பருத்தி சுருங்கும். நெய்யும்போது இழுத்து நிறுத்திய இழை, ஈரமும் சூடும் சுழற்சியும் கண்டதும் தன் பழைய நிலைக்குப் போகப் பார்க்கிறது. புதிதாக எடுத்த பருத்திச் சட்டையை முதலில் ஒன்றிரண்டு முறை கொடியில் உலர்த்திப் பார்ப்பது நல்லது. எலும்பாகக் காயும்வரை ஓடவிடவும் கூடாது. வலையில் சேரும் பஞ்சு வேறு எங்கிருந்தோ வருவதில்லை. உங்கள் துணிதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து வருகிறது. சிறிது ஈரம் இருக்கும்போதே எடுத்து, கையால் நீவி, கூடத்துக் கொடியில் அரை மணி போட்டால் துணியும் பிழைக்கும், இஸ்திரி வேலையும் குறையும்.

பாலியெஸ்டர் அதிகத் தண்ணீரைக் குடிப்பதில்லை; சீக்கிரம் காயும். அதற்குக் குறைந்த உஷ்ணமே போதும். அதிகச் சூட்டில் இளகி, குவிந்து கிடந்த வாக்கிலேயே மடிப்பு விழுந்துவிடும். அந்த மடிப்பைப் பிறகு எடுப்பது கஷ்டம். காய்ந்ததும் எடுத்து உதறி மாட்டிவிட வேண்டும். நைலானும் அப்படியே. எலாஸ்டிக் கலந்த உடுப்புகள் சூட்டில் இழுவிசையை இழக்கும். ரேயான் ஈரத்தில் பலம் குறைந்தது, சுழற்சியில் சுருங்கும்.

கம்பளியை யந்திரத்தில் போடவே கூடாது. அதன் இழைமேல் மீன் செதில் போன்ற நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரத்திலும் சூட்டிலும் புரளும்போது அவை ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். அப்பாவின் கம்பளிச் சட்டை பேரனுக்குப் பொருந்தும், திரும்ப விரியாது. கம்பளியைத் துண்டில் சுருட்டி ஈரம் போக்கி, தட்டையாகப் பரப்பி நிழலில் உலர்த்தவேண்டும்.

பட்டுப்புடைவை பற்றிக் கேட்கவே வேண்டாம். பட்டு சூட்டில் பளபளப்பை இழக்கும். சரிகை மடிந்து முறியும். முகூர்த்தப் புடைவையை யந்திரத்தில் போட்டுவிட்டு மாமியாருக்குப் பதில் சொல்வதைவிட, நிழலில் காற்றாட விடுவது சுலபம். பருத்திப் புடைவைக்கும் இந்த யந்திரம் அவ்வளவு பொருத்தம் இல்லை. ஆறு கஜ நீளம் மற்றத் துணிகளைச் சுற்றிக் கயிறாக முறுக்கிக்கொள்கிறது. வெளியே காய்ந்து, உள்ளே ஈரமாக நிற்கிறது. கஞ்சி போட்ட துணியைச் சுழற்றினால் கஞ்சி போட்ட பலனே போய்விடும்.

ரப்பர் ஷீட் விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். குழந்தைக்கு அடியில் விரிக்கும் ரப்பர் ஷீட், ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடி, நுரைப்பஞ்சு வைத்த தலையணை, மழைக்கோட்டு இவற்றை ஒருபோதும் உள்ளே போடக்கூடாது. நுரை ரப்பர் சூடேறினால் தானாகவே பற்றும் குணமுடையது.

சட்டைக் கழுத்திலோ ஓரத் தையலிலோ தைத்திருக்கும் சின்னத் துணிச் சீட்டைப் பாருங்கள். சதுரத்துக்குள் ஒரு வட்டம் இருந்தால் யந்திரத்தில் உலர்த்தலாம் என்று அர்த்தம். வட்டத்துக்குள் ஒரு புள்ளி என்றால் குறைந்த உஷ்ணம், 60 டிகிரி வரை; இரண்டு புள்ளி என்றால் சாதாரண உஷ்ணம், 80 டிகிரி வரை. குறுக்கே பெருக்கல் குறி இருந்தால் போடக்கூடாது. சதுரத்துக்குள் படுக்கைக் கோடு ஒன்று இருந்தால், தட்டையாகப் பரப்பி உலர்த்தவேண்டும். இந்தச் சித்திர மொழியை வளர்த்தது 1963-இல் பாரிஸில் அமைந்த ஒரு சர்வதேசச் சங்கம். எழுத்துத் தெரியாதவர்களும் புரிந்துகொள்ளலாம்; ஆனால் யாராவது ஒரு முறை சொல்லித் தரவேண்டும்.

செலவுக் கணக்கு

ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க, எந்த வழியில் செய்தாலும், ஏறக்குறைய 0.65 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான உஷ்ணம் வேண்டும். இது இயற்கை விதித்த விலை. 5 கிலோ பருத்தித் துணி, யந்திரம் நன்றாகப் பிழிந்த பிறகும், இரண்டரை லிட்டர் தண்ணீரைத் தாங்கியிருக்கும். ஆக, ஒரு சுமைக்கு ஒன்றரை யூனிட்டுக்கு மேல் விரயமில்லாமலே செலவாகும். சாதாரணக் கம்பிச் சூட்டு யந்திரம் அதைவிட அதிகமாகவே எடுக்கும். உஷ்ணத்தைத் திரும்பத் திரும்ப உபயோகிக்கும் 'ஹீட் பம்ப்' வகை ஏறத்தாழப் பாதி மின்சாரத்தில் வேலையை முடிக்கும்; விலை அதிகம்; நேரமும் கூடுதல்.

இதிலிருந்து இரண்டு பாடம். முதலில், பிழிவது மலிவு, சுடவைப்பது கிராக்கி. ஆகவே வேகமாகச் சுழற்றிப் பிழிந்த பிறகே உலர்த்தப் போடவேண்டும். இரண்டாவது, துவைப்பதும் உலர்த்துவதும் ஒன்றாக உள்ள யந்திரத்தில், துவைக்கும் அளவைவிட உலர்த்தும் அளவு குறைவு. துவைத்ததும் கொஞ்சத்தை வெளியே எடுத்துவிட வேண்டும். அடைத்து வைத்தால் காற்று நுழையாது. மின்சாரம் ஓடும், துணி ஓடாது.

யார் கையில் இருக்கிறது

வெயில் இருக்கும்போது யந்திரம் எதற்கு என்று கேட்கிற முதல் கட்சிக்கு என் பதில் இது: மழைக்காலத்தில் ஈரத்துணியோடு மல்லாடுவது பெரும்பாலும் அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் அல்ல. மாடிக்கும் கூடத்துக்குமாக வாளியைத் தூக்கிக்கொண்டு, தூற்றல் விழுந்தால் ஓடி, விட்டால் மறுபடி ஓடுகிறவள் வீட்டுப் பெண்மணி. பச்சைக் குழந்தை, படுத்த படுக்கையான பெரியவர், வேலைக்குப் போகும் தாய் உள்ள வீட்டில் மழை நாட்களில் இந்த யந்திரம் ஆடம்பரம் அல்ல. ஈரம் காயாத துணியை உடுத்திப் பிள்ளைகளுக்குச் சொறியும் படையும் வருவதைவிட இது எவ்வளவோ மேல்.

இரண்டாவது கட்சிக்கும் ஒரு வார்த்தை. தை பிறந்த பிறகும், சித்திரை வெயிலிலும் பொத்தானை அமுக்கிக்கொண்டிருப்பது, வாசலில் ஓடும் வாய்க்காலை விட்டுவிட்டுக் கடையில் தண்ணீர் வாங்குவது போல. கொச்சிக் கோட்டைப் பகுதியில், வேளி என்ற இடத்தில் உள்ள சலவைத் துறையில் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்கிறவர்கள் தமிழ் வழியில் வந்த வண்ணார் குடும்பத்தார். இரட்டைக் கயிற்றை முறுக்கிக் கட்டி, முறுக்குக்கு நடுவில் துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். கிளிப்பு இல்லை, காற்றுக்கும் அசையாது. அந்தக் கைத்திறன் நம் முன்னோருடையது. அதைக் கேவலமாக நினைக்கவேண்டியதில்லை.

வெயிலும் காற்றும் உள்ள நாளில் கொடி, அடைமழையில் யந்திரம், எண்ணெய்த் துணிக்கு எந்நாளும் கொடிதான். இதுவே என் கட்சி.

இதற்கு நாம் மட்டும் ஜாக்கிரதையாக இருந்தால் போதாது. யந்திரத்தைத் தயாரிக்கிறவர்கள் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் விற்கிறார்கள். தமிழில் விளம்பரம் செய்கிறார்கள். விலையைத் தமிழில் சொல்கிறார்கள். உயிரைக் காக்கும் எச்சரிக்கையை மட்டும் ஏன் தமிழில் சொல்லக்கூடாது? எண்பது பக்கப் புத்தகத்தை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. 'எண்ணெய்த் துணி போடாதே, பஞ்சு வலையைச் சுத்தம் செய், பாதியில் நிறுத்தாதே, சூட்டோடு குவிக்காதே' என்று நான்கு வரி. கதவிலேயே பெரிய எழுத்தில் ஒட்டினால் போதும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் பழக்கமுள்ள தேசத்தில் விற்கிறோம் என்ற நினைப்பு அவர்களுக்கு வேண்டாமா? வீட்டுக்கு வந்து யந்திரத்தை மாட்டிவிட்டுப் போகும் பையன் இதை ஐந்து நிமிஷம் சொல்லிவிட்டுப் போகலாம்.

வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மாடி மாடியாகக் குடியிருப்புகள் எழுகின்றன. கார் நிறுத்த இடம் இருக்கிறது. துணி காயப்போட இடமில்லை. மொட்டை மாடியில் பாதியைத் தகரக் கூரை போட்டுக் காற்றோட்டமாக விட்டால், மழை நாளிலும் பாதித் துணி காய்ந்துவிடும்.

வில்லியனூர், பாகூர் போன்ற கொம்யூன்களில் வீட்டுக்கு வீடு யந்திரம் வாங்க எல்லாராலும் முடியாது. வாங்கவேண்டிய அவசியமும் இல்லை. பெண்கள் சுய உதவிக் குழுக்கள் ஊருக்கு ஒன்றாக, மழைக்காலத்தில் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு துணி உலர்த்தித் தரும் நிலையம் நடத்தலாம். ஓரிரு பெரிய யந்திரம், பழக்கம் பெற்ற ஓர் ஆள், ஒரு நெருப்பணைக்கும் குப்பி. புயல் வெள்ளத்தில் நனைந்த குடும்பங்களுக்கு அரிசி கொடுக்கிறோம்; காய்ந்த போர்வையும் கொடுக்கலாம். கொம்யூன் பஞ்சாயத்துகள் இதை யோசிக்கவேண்டும்.

எங்கள் வீட்டு யந்திரத்தை நாங்கள் விற்றுவிடவில்லை. பேரனுக்கு மழைக்காலத்தில் அது இன்னும் உழைக்கிறது. அதன் கதவில் நானே தமிழில் எழுதி ஒட்டிய சீட்டு இருக்கிறது. எண்ணெய்த் துண்டுகளுக்கென்று தாழ்வாரத்தில் தனிக் கொடி கட்டியிருக்கிறோம். ஆயாவுக்கு எழுத்து வாசிக்க வராது. ஆனால் இப்போது எண்ணெய்த் துண்டை யாராவது யந்திரத்துப் பக்கம் எடுத்துப் போனால், "அதைக் கொடியிலே போடு கண்ணு" என்று முதலில் தடுப்பது அவள்தான்.